மேற்குச் சுவரின் சாய்வு

இந்த அறையின் கதவு சரியாக மூடவில்லை, ஐயா. கீழ்ப் பக்கம் தரையில் உரசுகிறது. வெளியே போகிறவர்கள் எல்லாம் கொஞ்சம் தூக்கி இழுக்கிறார்கள். கேட்டால் கதவு கெட்டுப்போய்விட்டது என்பார்கள். கதவில் ஒன்றுமில்லை. நிலைச்சட்டத்தின் இடது பக்கம் அரை விரல் அளவு இறங்கியிருக்கிறது. நல்ல தச்சராக ஒருவர் வந்தால் ஒரு மணி நேர வேலை. இதெல்லாம் நான் தேடிப் பார்ப்பதில்லை, தானாகக் கண்ணில் படும். இருபத்தாறு வருடப் பழக்கம்.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்தில் நான் அளவையாளர். முன்பு நாடாவும் நூலும் ஏணியுமாக அளந்தோம். இப்போது ஸ்கேனர். அதை மூன்று கால் தாங்கியின்மேல் ஏற்றி வைத்தால் தானே மெதுவாகச் சுற்றும். சுற்றிக்கொண்டே ஒளியை எறிந்து, அது பட்டுத் திரும்பும் ஒவ்வொரு இடத்தையும் ஒரு புள்ளியாகக் குறித்துக்கொள்ளும். கூடவே புகைப்படமும் எடுக்கும். ஒரு சுற்றுக்கு ஆறு நிமிடம். ஒரு கூடத்துக்குக் கோடிக்கணக்கில் புள்ளிகள் கிடைக்கும். அவற்றை வைத்துக் கணினிக்குள் அந்தக் கட்டடத்தை மறுபடி கட்டுவேன். அதை மாதிரி என்போம். மாதிரி கையில் இருந்தால் கட்டடத்தை எங்கே பழுது பார்ப்பது, எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று பொறியாளர்கள் உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போடலாம். நாளைக்கே அது எரிந்துபோனாலும் ஜன்னல் கொக்கி உட்பட அப்படியே திரும்பக் கட்டலாம்.

பழைய தந்தி அலுவலகத்தின் மாதிரி நான் செய்ததிலேயே பெரியது. பதினான்கு மாதம் பிடித்தது. அந்தக் கட்டடத்தை இடிவதற்கு முன் நீங்கள் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. கீழே செய்தி எழுதிக் கொடுக்கும் நீண்ட மேஜை, அதற்குப் பின்னால் கம்பி போட்ட கூண்டுகள், மாடிக்குப் போகும் மரப்படிகள். படிகளின் நடுவில் மட்டும் குழி விழுந்திருக்கும், எல்லோரும் அங்கேயே மிதித்ததால். அந்தக் குழிகளைக்கூட நான் ஒவ்வொன்றாக மாதிரியில் கொண்டுவந்தேன். அதைப் பார்த்துவிட்டு எங்கள் இயக்குநர், படியில் நடப்பவர்களின் பாதத்தைக்கூட இவர் பிடித்துவிட்டார் என்று கூட்டத்தில் சொன்னார். நான் சாதாரணமாகப் புகழ்ச்சிக்கு மயங்குகிறவன் அல்ல. ஆனால் அன்றைக்கு அதை மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

மேற்குச் சுவரில் ஒரு சின்னக் குறை இருந்தது. தெருவைப் பார்த்த சுவர், ஒன்பது மீட்டர் உயரம். அதன் உச்சி வெளிப்பக்கமாகப் பதினோரு சென்டிமீட்டர் சாய்ந்திருப்பதாகப் புள்ளிகள் காட்டின. கணினியில் சுவர் வரைவது எப்படி என்றால், தரையில் ஒரு கோடு போட்டு உயரத்தைச் சொன்னால் போதும், அது செங்குத்தாக எழுந்து நின்றுவிடும். சாய்ந்த சுவர் வேண்டுமானால் துண்டு துண்டாகச் செதுக்க வேண்டும். மூன்று வார வேலை. மாதிரியை ஒப்படைக்கும் விழாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. பழைய காரை உப்பியிருப்பதால் அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சுவரை நேராகவே நிறுத்திவிட்டேன். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். புகழ் வந்த பிறகு திருத்துவது என்பது எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பொறியாளர்கள் என் மாதிரியை வைத்துக் கணக்குப் போட்டார்கள். சுவர் நேராக இருக்கிறது, பாரம் தாங்கும் என்று வந்தது. கூரைக்குப் புதிய இரும்பு உத்திரங்கள் போட்டார்கள். அவற்றின் மேற்கு முனைகள் அந்தச் சுவரின் தலையில்தான் உட்கார்ந்தன.

அந்த இடத்தில் வேலையைக் கவனித்த பொறியாளர் என் மைத்துனன். மனைவியின் ஒரே தம்பி. என் கல்யாணத்தின்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா அம்மா இல்லாததால் அக்காவின் சீதனமாக அவனும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒன்று நிச்சயமாகி நின்றுபோனது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் குடித்தான். ஒரு நாள் காலையில் அக்கா காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டு நிறுத்தினான். அது ஏழு வருடத்துக்கு முன்னால். முப்பத்தெட்டு வயதிலும் எங்கள் மாடி அறையில்தான் இருந்தான். எங்கள் வீட்டிலும் தெருவிலும் வேலை இடத்திலும் அவனுக்குத் தம்பி என்றே பெயர். கொத்தனார்களில் அறுபது வயதுக்காரர்கூடத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

அவனுக்குக் கணினியில் நம்பிக்கை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுவரைக் கையால் தொட்டுப் பார்க்காமல் அவனுக்குத் திருப்தி வராது. இரும்பு உத்திரம் ஏறிய ஐந்தாம் மாதம் மேற்குச் சுவரின் மூலையில் ஒரு விரிசலைக் கண்டான். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைக் காரை வைத்து ஒட்டினான். பழைய முறை. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். நான்கு துண்டு ஒட்டினான். ஆறு வாரத்தில் மூன்று உடைந்தன.

சாப்பிடும்போதுதான் என்னிடம் சொன்னான். சாப்பாட்டில் கை வைத்தபடியே, சத்தமில்லாமல், அக்கா காதில் விழக் கூடாது என்பதுபோல. இன்னொரு தடவை ஸ்கேன் எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். நான் மறுக்க முடியாது. மறுத்தால் ஏன் என்று கேள்வி வரும்.

இரும்பு உத்திரங்கள் ஏறி ஏழு மாதம் கழிந்திருந்தது. எடுத்தோம். கூடத்தில் ஸ்கேனரை வைத்தபோது அவன் சாரத்தின் குறுக்குக் கம்பியிலிருந்து ஒரு தூக்குக்குண்டைச் சுவருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, அது ஆடாமல் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றான். படத்தில் ஆள் விழக் கூடாது, வெளியே போ என்றேன். “நூலும் விழட்டும் அத்தான், ஒரு சாட்சிக்கு,” என்றான். ஆறு நிமிடமும் கண் இமைப்பதைத் தவிர அசையவில்லை.

புள்ளிகளை ஒப்பிட்டேன். சுவரின் உச்சி ஒன்பது மில்லிமீட்டர் மேலும் வெளியே போயிருந்தது.

இங்கே நான் செய்ததைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால் நான் எண்களை மாற்றினேன் என்று பேச்சு அடிபடுகிறது. ஓர் எண்ணையும் நான் மாற்றவில்லை. இரண்டு ஸ்கேன்களை ஒப்பிட வேண்டுமானால் ஒன்றை மற்றதன்மேல் பொருத்த வேண்டும். பொருத்துவதற்கு அசையாத ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நியாயமாகத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நான் ஒட்டியிருந்த குறி அட்டைகளைத்தான் பிடித்திருக்க வேண்டும். நான் மேற்குச் சுவரையே பிடித்தேன். அதுதான் அசையாதது என்று கணினியிடம் சொன்னேன். கணினி கேள்வி கேட்கவில்லை. மேற்குச் சுவர் அசையாமல் நின்றது. மீதிக் கட்டடம் முழுவதும் ஓரிரண்டு மில்லிமீட்டர் அங்குமிங்கும் நகர்ந்ததாக வந்தது. அதைக் கருவியின் பிழை என்று எழுதலாம். எழுதினேன்.

கூட்டத்தில் தம்பி உடைந்த கண்ணாடிகளை ஒரு பொட்டலத்தில் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். இயக்குநர் என் பக்கம் திரும்பி, ஸ்கேன் என்ன சொல்கிறது என்று கேட்டார். சுவர் அசையவில்லை என்றேன். கண்ணாடி ஏன் உடைந்தது என்றார். மேற்கு வெயில் நேரடியாக விழும் சுவர், வெப்பம் ஏறி இறங்கினால் கண்ணாடி உடையும் என்றேன். அதுவும் பொய்யில்லை. உடையத்தான் செய்யும். தம்பி என்னைப் பார்த்தான். பன்னிரண்டு வயதிலிருந்து என் வார்த்தைக்கு மறு வார்த்தை பேசிப் பழகாதவன்.

ஆனால் விடவில்லை. மறுபடி கண்ணாடி ஒட்டினான், மறுபடி உடைந்தன. மேற்குப் பகுதியின் மாடியைப் பிரித்து இறக்கிவிட வேண்டும் என்று இயக்குநருக்குக் கடிதம் எழுதினான். பிரித்தால் வெளியிலிருந்து நிபுணர்களை அழைப்பார்கள். அவர்கள் முதல் ஸ்கேனின் புள்ளிகளைக் கேட்பார்கள். பதினோரு சென்டிமீட்டரைப் பார்க்க அவர்களுக்கு அரை நாள் போதும். அந்தக் கடிதத்தைப் பற்றி இயக்குநர் என்னிடம் தனியாகக் கேட்டார். அவன் கொஞ்சம் பதற்றப்படுகிற சுபாவம் என்றேன். அவர் மேலும் கேட்டபோது, முன்பு ஒரு காலத்தில் அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது, இப்போது மறுபடி ஆரம்பித்திருக்கிறானோ என்று அக்கா கவலைப்படுகிறாள், இதை மனதோடு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவரும் மனதோடுதான் வைத்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை அவனை வேலை இடத்திலிருந்து எடுத்து அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். காரணம் எழுத்தில் இல்லை. வாய் வழியாகப் பரவியது.

அது என் மனைவிக்கும் போய்ச் சேர்ந்தது. அவள் தையல்காரி, வீட்டின் முன்னறையில் இயந்திரம் போட்டிருக்கிறாள். ஊரில் பாதிப் பேச்சு அளவு கொடுக்க வருகிறவர்களோடு வந்துவிடும். அன்று மாலை தம்பி செருப்பைக் கழற்றும்போதே அவள் வாசலுக்குப் போனாள்.

“வாயைத் திற.”

“எதுக்குக்கா?”

“திறடா. ஊது.”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அக்கா முகத்துக்கு நேரே வாயைத் திறந்து மூச்சு விட்டான், டாக்டரிடம் காட்டுகிற குழந்தையைப்போல. அவள் உள்ளே போய்விட்டாள். வாசனை எதுவும் இல்லை, எப்படி இருக்கும். ஆனால் கேட்டுவிட்டாள் அல்லவா. அதற்குப் பிறகு மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிடவில்லை.

நான் ஞாயிற்றுக்கிழமை மதியம் தனியாகப் போய் மூன்றாம் முறை ஸ்கேன் எடுத்தேன். யாரும் கேட்டு எடுக்கவில்லை, எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இந்த முறை எதிர்ப்பக்கத்துக் குறி அட்டைகளைப் பிடித்து ஒழுங்காகப் பொருத்தினேன். ஐந்து வாரத்தில் இருபத்தாறு மில்லிமீட்டர். உள்ளே மாடியின் மர உத்திரங்கள் சுவரிலிருந்து கழன்று வரத் தொடங்கியிருந்தன. இன்னும் இரண்டு வாரம் நிற்கும் என்று கணக்குப் போட்டேன்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, ஐயா. ஆட்கள் சாகட்டும் என்று நான் நினைக்கவில்லை. தரைப்பலகை வேலையைக் கிழக்குப் பகுதிக்கு மாற்றினால் நல்லது என்று குறிப்பு எழுதியது நான்தான். சாரம் பிரிக்கப் போகிறார்கள் என்று சொல்லி மேற்குத் தெருவின் நடைபாதையை வேலி போட்டு அடைக்க வைத்ததும் நான்தான். அங்கே கடை போட்டிருந்த பூட்டு பழுது பார்க்கிறவர் என்னைத் திட்டிக்கொண்டே இடம் மாறினார். இன்றைக்கு அவர் உயிரோடு இருக்கிறார். என் எண்ணமெல்லாம் இதுதான்: சுவர் விழும், யாரும் இருக்க மாட்டார்கள், பழைய கட்டடம் திடீரென்று விழுந்துவிட்டது என்பார்கள். பிறகு என் மாதிரியை வைத்துத் திரும்பக் கட்டுவார்கள். அதில் மேற்குச் சுவர் நேராக இருக்கும். அதோடு எல்லாம் சரியாகிவிடும். தவறு எங்குமே இருக்காது.

அந்த வாரம் தம்பி என் அறைக்கு வந்தான். கதவைச் சாத்தினான்.

“அத்தான், ஒரே ஒரு தடவை கேக்கறேன். இனிமே கேக்க மாட்டேன். அந்தச் சுவர் அசையுதா, இல்லையா?”

“அசையலைடா.”

“அப்ப எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு.”

“ரெண்டு நாள் லீவு போட்டுத் தூங்கு,” என்றேன்.

அவன் தலையாட்டினான். கதவைத் திறந்தவன் நின்று, “அக்கா கிட்ட நீங்க ஒண்ணும் சொல்லலைதானே?” என்றான். இல்லை என்றேன். அதுவும் உண்மை. நான் இயக்குநரிடம்தான் சொன்னேன்.

மறுநாள் அவன் லீவு போட்டான். ஆனால் தூங்கவில்லை. தனக்குத் தெரிந்த தச்சர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கைவண்டியில் நான்கு மரத்தூண்களை ஏற்றிக்கொண்டு, காலை எட்டே காலுக்குத் தந்தி அலுவலகத்துக்குப் போனான். கழன்றுவரும் மாடி உத்திரங்களுக்கு அடியில் முட்டுக் கொடுப்பது அவன் திட்டம். உள்ளே போக அவனுக்கு அனுமதி இல்லை. சாவி ஒன்று அவனிடம் இருந்திருக்கிறது. எட்டு இருபத்தொன்றுக்குச் சுவரின் மேல்பாதி தெருவிலும் மாடி முழுவதும் கூடத்திலும் விழுந்தன. தச்சர் அந்த நேரத்தில் வண்டியிலிருந்து இரண்டாவது தூணை எடுக்க வெளியே வந்திருந்தார், பிழைத்தார். தம்பியை மதியம் மூன்று மணிக்கு எடுத்தார்கள்.

அலுவலகத்தில் இருந்தபோது செய்தி வந்தது என்று என் முதல் வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறேன்.

விசாரணை நடந்தது. அனுமதி இல்லாமல் உள்ளே போய், முட்டுத் தூணை அடித்து இறுக்கியதில் ஏற்பட்ட அதிர்வால் சுவர் விழுந்தது என்று முடிவு செய்தார்கள். அசைவு இல்லை என்ற என் அறிக்கை அதற்கு ஆதாரம். குடித்திருந்தானா என்றும் ஒரு வரி இருந்தது, உறுதி செய்ய முடியவில்லை என்று. மாதிரியை வைத்துத் திரும்பக் கட்டுவது என்று உத்தரவு வந்தது. பொறுப்பு எனக்கு.

வேலைக்குத் திரும்பினேன். மறுகட்டுமானத்துக்கு மேற்குச் சுவரின் உட்பக்கத்துக் காரையலங்காரம் தேவைப்பட்டது, அது இரண்டாம் ஸ்கேனில்தான் நன்றாகப் பதிவாகியிருந்தது. அதில் தம்பி நின்றுகொண்டிருந்தான். ஸ்கேனில் விழுந்த ஆட்களை நீக்குவது எங்கள் வழக்கமான வேலை, சுட்டி வளைத்து அழித்தால் போய்விடும். அழித்தேன். ஆள் போய்விட்டான். ஆனால் ஒளி ஆளைத் தாண்டிப் போகாது அல்லவா, அவனுக்குப் பின்னால் இருந்த சுவர் பதிவாகவே இல்லை. அந்த இடத்தில் ஒரு ஆள் வடிவத்தில் ஓட்டை. ஒரு கை உயர்ந்திருக்கும். பக்கத்துச் சுவரைப் பார்த்து ஊகித்து ஓட்டையை அடைத்தேன். மறுநாள் கோப்பைத் திறந்தால் மறுபடி ஓட்டை. மூலப் புள்ளிகளிலிருந்து புதிதாக ஏற்றும்போது அப்படி ஆகும். அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பதினேழு முறை அடைத்தேன்.

வீட்டிலும் சில சத்தங்கள் கேட்டன. மெல்லிய கண்ணாடி விண்டுபோவதுபோல ஒரு சத்தம், மாடி அறைப் பக்கமிருந்து, பெரும்பாலும் சாயங்காலம். ஏறிப் போய்ப் பார்ப்பேன். ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் முழுசாக இருக்கும். கட்டில்மேல் அவன் சட்டை, அவள் மடித்து வைத்தது. வெப்பம் இறங்கும் நேரம், கண்ணாடி சத்தம் போடும் என்று கீழே வந்து அவளிடம் சொல்வேன். தனக்கு எதுவும் கேட்கவில்லை என்பாள்.

ஒரு நாள் அவளே கேட்டாள், தம்பி அந்த இயந்திரத்தில் விழுந்திருக்கிறானாமே, பார்க்கலாமா என்று. மறுக்க மனம் வரவில்லை. கணினியில் காட்டினேன். அழவில்லை. கிட்டத்தில் வந்து பார்த்தாள். அவளுக்காகத்தான் விளக்கினேன்: “இதுல ஆறு நிமிஷம் கொஞ்சம்கூட அசையாம நின்னாத்தான் ஆள் முழுசா விழுவாங்க. அசைஞ்சா புகை மாதிரி இழுபட்டுப் போகும். பாரு, எப்படி நிக்கறான்.” பெரிதாகப் படம் போட்டுக் கொடுங்கள், சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்றாள். தரை முதல் கூரை வரை விழும்படி பெரிய தாளில் எடுத்துக் கொடுத்தேன். அது என் அன்பால் செய்தது. அதையும் உங்கள் பதிவில் எழுதிக்கொள்ளுங்கள்.

சட்டம் போடவில்லை. தையல் மேஜையில் வைத்துப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை நான் வேலைக்குக் கிளம்பும்போது, தலையைத் தூக்காமலே கூப்பிட்டாள்.

“என்னங்க, தம்பி பிடிச்சிருக்கற நூல் நேராத்தானே தொங்கும்?”

“ஆமா.”

“கீழே சுவரைத் தொடுது. மேலே போகப் போகச் சுவர் விலகிப் போகுது. அளந்து பாத்தேன், நாலு மில்லிமீட்டர். படத்துலயே நாலுன்னா அங்க எவ்வளவு?”

படம் எடுக்கும் கண்ணாடி வில்லையால் ஓரங்கள் அப்படித்தான் வளையும் என்றேன். அவள் துணி அளக்கும் அடிக்கோலைப் படத்தின்மேல் வைத்தபடியே இருந்தாள்.

“இன்னொண்ணு. ஆறு நிமிஷம் அசையாம நிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. குடிக்கறவன் கை இப்படி நிக்குமா?”

அன்றே எங்கள் குடும்ப மருத்துவரைப் பார்த்து, தம்பி போனதிலிருந்து அவள் இல்லாததையெல்லாம் பார்க்கிறாள், கோடுகள் வளைவதாகச் சொல்கிறாள் என்றேன். அவர் நல்ல மனிதர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் கையாலேயே கொடுத்தேன், காலை ஒன்று, இரவு ஒன்று. அவள் மறுபடி சுவர் என்று ஆரம்பித்தால், துக்கத்தில் அப்படித்தான் தோன்றும் என்று பொறுமையாகச் சொல்வேன். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. இரண்டு மாதத்தில் அவள் தைக்கும் துணிகளில் கோணல் வரத் தொடங்கியது. “எனக்குக் கண்ணு சரியா தெரியலையோ,” என்று அவளே கேட்டாள். ஆமாம் போலிருக்கிறது என்றேன். அந்தப் படம் வீட்டில் காணவில்லை. மாடியில் மெத்தைக்கு அடியிலெல்லாம் தேடினேன். இப்போது உங்கள் மேஜையில் இருப்பதைப் பார்க்கிறேன். மாத்திரைகளும் அப்படியே இருக்கின்றன, பொட்டலத்தில். எண்ணிப் பார்க்காமலே தெரிகிறது, ஒன்றைக்கூட அவள் விழுங்கவில்லை.

அப்படியானால் அந்தக் கோணல்களை அவள் எனக்காகத்தான் தைத்திருக்கிறாள்.

சரி. தச்சரும் உங்களிடம் பேசியிருக்கிறார் என்று தெரிகிறது. அதனால் என் முதல் வாக்குமூலத்தில் ஒரு திருத்தம். அன்று காலை நான் அலுவலகத்தில் இல்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம், முதல் மாடியில், கருவிகள் வைக்க எங்களுக்கு ஓர் அறை உண்டு. அந்த வாரம் முழுவதும் தினம் காலையில் அங்கே போய் ஜன்னலில் ஸ்கேனரை வைத்துச் சுவரின் முகப்பை எடுத்துக்கொண்டிருந்தேன். விழுவதற்கு முன் கடைசி நிலை கையில் இருந்தால் முகப்பின் சிற்ப வேலைகளைப் பிசகில்லாமல் திரும்பச் செய்யலாம். எட்டு பதினான்குக்கு அன்றைய சுற்றைத் தொடங்கினேன். தொடங்கிய பிறகுதான் அவர்கள் வேலியைத் தள்ளிவிட்டு வந்தார்கள். தம்பி ஒரு தூணைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போனான். ஜன்னலுக்கு மேலே இருந்த கல் ஒன்று தன் இடத்திலிருந்து நகர்வதை நான் வெறுங்கண்ணால் பார்த்தேன். கண்ணுக்கே தெரிகிற அசைவு என்றால் நாள் கணக்கு இல்லை, நிமிடக் கணக்கு.

கைபேசி சட்டைப்பையில் இருந்தது. ஜன்னலைத் திறந்து கூப்பிட்டாலே கேட்கும் தூரம். நகர்ந்தால் பலகைத் தளம் ஆடும், ஸ்கேனரும் ஆடும், அந்தச் சுற்று வீணாகும். இன்னும் மூன்று நிமிடம்தானே, முடிந்ததும் கூப்பிடலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இத்தனை மாதமும் எனக்குச் சொல்லிவந்தேன். எட்டு இருபதுக்கு ஸ்கேன் முடிந்து கருவி நின்றது. அப்போது தச்சர் வெளியே வந்தார். வண்டியருகே நின்று தற்செயலாக மேலே பார்த்தார். என்னைத் தெரிந்ததும் கையை உயர்த்தினார். தூண் நீளமாக இருந்ததால் வேலியின் இடைவெளியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தம்பி சுத்தியலால் அடிக்கும் சத்தம் கேட்டது, நிதானமான அடி. அவனைக் கூப்பிட எனக்கு ஒரு முழு நிமிடம் இருந்தது. ஸ்கேனும் முடிந்துவிட்டது. எந்தத் தடையும் இல்லை. கூப்பிட்டால் அவன் வெளியே வருவான். வந்து என்னைப் பார்த்து, அசையுதுன்னு உங்களுக்குத் தெரியுமா அத்தான் என்று கேட்பான்.

நான் தச்சருக்குக் கையை உயர்த்திவிட்டு, அங்கேயே நின்றேன்.

அவ்வளவுதான், ஐயா. நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். என் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், நான் வர நேரமாகும் என்று மட்டும் அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். தனியாக வீட்டுக்குப் போகப் பயப்படுவாள். பாவம், அவளுக்கு இப்போது என்னை விட்டால் யாரும் இல்லை.